பாலாற்றங்கரையில் ஒரு சரளைத் தளம்

வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் பழைய பரிகாசம் ஒன்று உண்டு. மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், ஜலமில்லாத ஆறு ஆகியவைதாம் அந்த ஊரின் விசேஷங்களாம். இவற்றில் ஒரு குறை 1981-ஆம் வருஷத்தில் தீர்ந்தது. நெடுங்காலம் மூலவர் இன்றிக் கிடந்த கோட்டைக் கோயிலில் ஜலகண்டேசுவரர் மீண்டும் எழுந்தருளினார். ஜலகண்டேசுவரர் திரும்பிவிட்டார், ஜலந்தான் இன்னும் திரும்பவில்லை.

நந்தி மலைப் பக்கத்தில் பிறக்கும் பாலாறு, கர்நாடகத்தையும் ஆந்திரத்தின் ஒரு மூலையையும் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டில் பிரவேசிக்கிறது. ஆம்பூர், வேலூர், ஆற்காடு ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு போய், கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் கலக்கிறது. 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடியதைப் போன்றும், 2021 நவம்பரில் இரு கரையும் புரண்டதைப் போன்றும் என்றோ ஒரு நாள் வெள்ளம் வருவதுண்டு. மற்ற நாட்களில் பாலத்தின் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அகன்ற மணற்பரப்புத்தான் தெரியும்.

ஆனால் ஆறு செத்துவிட்டதென்று நினைப்பது தவறு. அது மணலுக்கும் சரளைக்கும் அடியில் ஊர்கிறது. நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி, கசிந்து வரும் நீரை வயலுக்கும் ஏரிக்கும் கொண்டுபோனார்கள். மேலே விழும் மழையை உள்ளே இறங்கவிட்டு, வெயில் படாமல் காத்து வைத்திருக்கும் களஞ்சியமே அந்தச் சரளை மண்.

அந்தக் களஞ்சியத்துக்கு இரண்டு விதத்தில் கேடு வந்தது. ஒன்று தோல் பதனிடும் தொழிலால் வந்தது. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்புக்கள் வந்தன. பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன்மேல் உப்பைத் தடவிவைப்பார்கள். அதைக் கழுவிய நீர் போன இடமெல்லாம் கிணறுகள் உப்புக் கரித்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியது. அசுத்தம் செய்தவரே அதைச் சீர்செய்யும் செலவையும் ஏற்கவேண்டும் என்ற கொள்கையை அது உறுதிசெய்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. ஆயினும் விவகாரம் அத்துடன் முடியவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு வழங்கி, அத்தொகையை மாசு செய்தவர்களிடம் வசூலிக்குமாறு அதே கோர்ட் 2025 ஜனவரி 30-ஆம் தேதி மறுபடியும் உத்தரவிட வேண்டியதாயிற்று. இத்தொழிலால் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆகவே இது கோர்ட்டும் சர்க்காரும் முதலாளிகளும் தீர்க்கவேண்டிய கணக்கு.

இரண்டாவது கேடு நம்முடைய வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கொஞ்சம் காசு சேர்ந்ததும் தோட்டத்தையும் முற்றத்தையும் சிமெண்டால் மெழுகிவிடுகிறோம். வானம் கொடுக்கும் நல்ல ஜலம், உப்புக் கரிக்கும் கிணற்றுக்குள் இறங்காமல், சாக்கடையைத் தேடி ஓடுகிறது. மழை நீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் அவசியம் என்று 2003-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டத்துக்காக ஒரு மூலையில் குழி தோண்டிவிட்டு, மிச்ச இடத்தையெல்லாம் மூடிவிட்டால் என்ன பிரயோஜனம்?

ஆம்பூரில் ஒரு நண்பர் இதற்கு மாற்றாகத் தம் தோட்டத்தில் சரளைத் தளம் அமைத்ததைச் சமீபத்தில் நேரில் பார்த்தேன். பத்தடிக்கு இருபதடி இடம். முதலில் புல் வேர்களைக் களைந்து, ஆறங்குல ஆழத்துக்கு மண்ணை எடுத்தார்கள். ஆறடிக்கு ஓர் அங்குலம் வீதம் தோட்டத்தை நோக்கி வாட்டம் வைத்தார்கள். மேஸ்திரி ரசமட்டத்தை வைத்துக்கொண்டு, "வீட்டுப் பக்கம் வாட்டம் விட்டா சுவருதாங்க ஐயா தண்ணி குடிக்கும்" என்றார். நான்கு பக்கமும் கருங்கல்லை நிறுத்தி ஓரம் கட்டினார்கள். அடியில் ஒன்றரை அங்குல ஜல்லியை நான்கங்குல கனத்துக்குப் பரப்பித் திமிசு போட்டார்கள். அதன்மேல் அரை அங்குலச் சில்லு ஜல்லி இரண்டங்குலம். அதற்கு மேல் போனால் நடக்கும்போது கால் புதையும். உருண்டைக் கூழாங்கல் காலடியில் நழுவும். முனையுள்ள சில்லு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். எங்கும் சிமெண்டோ கல் தூளோ கலக்கவில்லை. கலந்தால் ஜலம் இறங்கும் வழி அடைபடும். மேற்கு வெயிலுக்கு மறைவாக ஒரு வேப்பங்கன்றும் நட்டார்கள்.

இதன் பயன் பள்ளிக்கூடக் கணக்குத்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இருநூறு சதுர அடி இடத்தில் ஐம்பது மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர். அத்தனையும் நின்ற இடத்திலேயே உள்ளே இறங்கப் பார்க்கும். மிஞ்சியது செடிகளுக்குப் போகும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தோல் கழிவு கொட்டிய இடத்து மண்ணை ஒருபோதும் அடியில் நிரப்பலாகாது. மழை அதிலுள்ளதைக் கரைத்துக் கிணற்றில் சேர்த்துவிடும். அதைவிட முக்கியமானது, கல் வரும் இடம். பாலாற்றுச் சரளையை அள்ளி வந்து தோட்டத்தில் பரப்புவது, களஞ்சியத்தை இடித்து வாசலுக்குப் படி கட்டுவதற்குச் சமானம். மேலே சொன்ன தளத்துக்கு வந்ததெல்லாம் கல் உடைக்கும் கிரஷரிலிருந்து வந்த ஜல்லியே.

சரளைத் தளம் ஏழைமையின் அடையாளம் என்று சிலர் நினைக்கலாம். ஜப்பானில் கியோட்டோ நகரத்து ரியோவான்ஜி ஆலயத்தில், வெண்சரளையும் பதினைந்து கற்களுமே நந்தவனம். அதைக் காண உலகமே போகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? மகாத்மா காந்தி 1936-இல் குடியேறிய சேவாகிராம ஆசிரமத்தில் பிரார்த்தனை நடந்த இடம், வானத்தின் கீழ்ச் சிறு கற்கள் பரப்பிய வெளிதான். தேசத்தின் பெரிய காரியங்களை யோசித்தவர்கள் உட்கார்ந்து எழுந்த தரை அது.

வடகிழக்குப் பருவ மழைக்கு முன்பே ஜல்லி வண்டிக்குச் சொல்லி வையுங்கள். மூன்று பேர் இரண்டு நாளில் முடித்துவிடக்கூடிய வேலை. பிறகு வருகிற முதல் மழையில் குழந்தைகளைத் திண்ணையில் உட்காரவைத்து, தளத்தில் விழும் ஜலம் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பூகோளப் புத்தகத்தில் பாலாற்றைப் பற்றிப் படிக்கும்போது, பாடம் அவர்களுக்குச் சுலபமாகப் புரியும்.