பாலை நகரில் ஒரு நாள்

மேலைநாடுகளுக்கு விமானத்தில் செல்லும் நம்மவர் பலர், இடைவழியில் அரபு நாட்டு நகரம் ஒன்றில் இறங்கி வேறு விமானம் ஏறுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் விமான நிலையத்தின் குளிர்ந்த கூடங்களிலேயே பொழுதைக் கழித்துவிட்டுப் புறப்பட்டு விடுவர். ஆடி மாதத்தில் ஒரு நாள், இலண்டனிலிருந்து சென்னைக்குத் திரும்பும் வழியில், நானும் என் மனைவியும் துபாயில் ஏறத்தாழ 20 மணி நேரம் தங்க நேர்ந்தது. "இங்கே உட்கார்ந்து கடைகளைப் பார்ப்பதைவிட வெளியே சென்று ஊரைப் பார்க்கலாமே" என்றாள் அவள். அனுமதி பெற்றுக்கொண்டு புறப்பட்டோம்.

வெளியே காலடி வைத்ததும் என் மூக்குக் கண்ணாடி பனி படர்ந்தது போல் மங்கிவிட்டது. அப்பொழுது காலை 6 மணிதான். வெப்பமோ 33 பாகை. "பாலைவனத்தில் இத்தனை ஈரமா?" என்று மனைவி வியந்தாள். துபாய் பாரசீக வளைகுடாவின் கரையில் அமைந்த நகரம். ஆழம் குறைந்த அக்கடல் வேனிற் காலத்தில் அடுப்பில் வைத்த நீர் போல் வெதும்பி விடுகிறது. அதிலிருந்து எழும் நீராவி ஊரின்மேல் கவிந்து நிற்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை பெரும்பாலும் 100 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. (2024ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் மட்டும் அந்நாட்டில் 1949 முதல் பதிவாகாத பெருமழை கொட்டி, விமான ஓடுபாதையிலும் வெள்ளம் நின்றது.) இவ்வாறு காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை, உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. நம் ஊரின் வறண்ட வெயிலையே நான் விரும்புவேன்.

2009ஆம் ஆண்டு முதல் அங்கே ஓட்டுநர் இல்லாத மெட்ரோ இரயில் ஓடுகிறது. அதில் ஏறிப் பழைய நகர்ப் பகுதியை அடைந்தோம். அங்கே கடல் நீர் நிலத்தினுள் நீண்டு புகுந்து ஒரு கழியாக வளைந்து கிடக்கிறது. அதன் ஒரு கரை தேரா; மறு கரை பர் துபாய். எண்ணெய் கண்டறியப்படுவதற்கு முன்னரே இந்நகரை வாழ வைத்தது இக்கழிதான். மணல் தூர்ந்து கப்பல்கள் வர இயலாமற் போகவே, 1960ஆம் ஆண்டை ஒட்டி இதனை ஆழப்படுத்தினர். எண்ணெய் கிடைத்தது 1966இல். இன்றும் மரக்கலங்கள் அங்கே வரிசையாகக் கட்டப்பட்டு நிற்கின்றன.

கழியைக் கடக்க 'அப்ரா' என்னும் சிறு மரப்படகுகள் உள்ளன. நடுவே ஒரு நீண்ட பலகை. அதன் இருபுறமும் முதுகோடு முதுகு சேர்த்து மக்கள் அமர்கின்றனர். கட்டணம் 1 திர்ஹாம். அந்த நாணயத்தைப் படகுக்காரர் கையில் கொடுத்தபொழுது ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. ஒரு காலத்தில் இக்கரையில் செல்லுபடியானது நம் ரூபாயே. 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடா நாடுகளுக்கென்றே தனி ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. 1966இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபின் இந்நாட்டார் அதனைக் கைவிட்டனர். திர்ஹாம் வந்தது 1973இல்.

பர் துபாய்க் கரையில் அல் பாகிதி என்னும் பழைய குடியிருப்பு இருக்கிறது. பாரசீகத்தின் பஸ்தக் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள் கட்டிய வீடுகள் அவை. 1980களில் ஒரு பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றனர். அங்குள்ள சந்துகள் மிகக் குறுகியவை. ஒரு சுவரின் நிழல் எதிர்ச் சுவரைத் தொடுகிறது. நடுவே நடப்பவர்மேல் வெயில் படுவது அரிது. சுவர்களைக் கடலில் எடுத்த பவளக் கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் எழுப்பியிருக்கின்றனர். துளைகள் நிறைந்த அக்கல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. கூரை தாங்கும் கழிகள் கண்டல் மரத்தவை. ஆப்பிரிக்காவின் கீழைக் கரையிலிருந்து கப்பலில் வந்தவை. அக்கழிகளின் நீளம் எவ்வளவோ அவ்வளவே அறையின் அகலம்.

வீடுகளின்மேல் நிற்கும் காற்றுக் கோபுரங்களே அப்பகுதியின் சிறப்பு. சதுரமான ஒரு கோபுரம். நான்கு பக்கமும் திறப்பு. உள்ளே மூலைக்கு மூலை குறுக்காக எழுப்பிய இரு தடுப்புச் சுவர்கள். காற்று எத்திசையிலிருந்து வீசினாலும் ஒரு திறப்பில் அகப்பட்டுத் தடுப்பில் மோதிக் கீழே இறங்குகிறது. அதே வேளையில் அறையில் உள்ள சூடான காற்று எதிர்ப்புறத் திறப்பின் வழியே மேலேறி வெளியேறுகிறது. பார்வையாளருக்குத் திறந்திருந்த ஒரு வீட்டில், கோபுரத்தின் அடியில் கிடந்த திண்டில் அமர்ந்தோம். வெளியே இலையும் அசையவில்லை. ஆயினும் என் மனைவியின் சேலைத் தலைப்பு மெல்ல அசைந்தது. விசிறி இல்லை, மின்சாரம் இல்லை. "இதைக் கட்டியவனுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்" என்றாள் அவள். அரைமணி நேரம் அங்கேயே இருந்தோம். பிற்பகலில் 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீபாவையும் கண்டோம். 2010இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். அந்தச் சிறு கோபுரம் அளித்த வியப்பை அது எனக்கு அளிக்கவில்லை.

வீதியில் பேரீச்ச மரங்கள் செழித்து நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கரிய குழாய் ஓடுகிறது. நகரின் கழிவுநீரைத் தூய்மை செய்து மரங்களுக்குப் பாய்ச்சுகின்றனர். மக்கள் குடிக்கும் நீரோ பெரும்பாலும் கடலிலிருந்து உப்பு நீக்கிப் பெறுவது.

நண்பகலில் வெப்பம் 43 பாகையாயிற்று. வீதிகள் வெறிச்சோடின. ஓரிடத்தில் கட்டட வேலை பாதியில் நின்றிருந்தது. தொழிலாளர் இருபதின்மர் கூரைப் பந்தலின்கீழ்ப் படுத்திருந்தனர். தலைக்கவசங்கள் வரிசையாகக் கிடந்தன. அந்நாட்டில், ஜூன் 15 தொடங்கிச் செப்டம்பர் 15 முடிய, பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை வெட்ட வெளியில் வேலை வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது.

ஆனால் அக்கடற்கரையில் முன்பு நடந்த பெருந்தொழிலுக்கு இதே வேனில்தான் உரிய பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை முத்துக்குளிப்போர் கடலிலேயே தங்கியிருந்தனர். மூக்கிற்கு ஒரு கவ்வி, காலில் கட்டிய கல், கழுத்தில் சிப்பிக்கூடை, இடுப்பில் கயிறு. படகில் நிற்பவன் கயிற்றை இழுத்து மேலே ஏற்றுவான். படகுத் தலைவனை 'நாகுதா' என்பர். பருவம் தொடங்குமுன் குடும்பச் செலவுக்காக அவனிடம் முன்பணம் வாங்குவார்கள். முத்து விற்ற பங்கு அக்கடனை அடைக்கப் போதாது. தந்தை இறந்தால் கடன் மகன் தலையில் விழுந்ததும் உண்டு. மன்னார்க் கடலின் முத்துக்களைப் பாடிய நமக்கு இத்துன்பம் புதிதன்று. 1930களில் ஜப்பானியரின் வளர்ப்பு முத்துக்களும் உலகப் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து அத்தொழிலை முடித்துவிட்டன.

இவற்றை அருங்காட்சியகம் ஒன்றில் பார்த்துக்கொண்டிருக்கையில் மனைவி, "பாலைக்குரிய பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல் என்று படித்தோமே, இரண்டையும் இன்று கண்டாயிற்று" என்றாள். சற்று நேரம் கழித்து, "உரிப்பொருளையும் காண்போம் போலிருக்கிறது" என்று சொன்னாள். பாலைத் திணையின் உரிப்பொருள் பிரிவு; பொருள் தேடத் தலைவன் பிரிந்து செல்வதைப் பாடும் பாட்டுகள் அதில் மிகுதி.

மாலையில் மீண்டும் கழிக்கரைக்கு வந்தோம். விளக்குகள் நீரில் நடுங்கிக்கொண்டிருந்தன. வார விடுமுறை பெற்ற தொழிலாளர் கூட்டங்கூட்டமாக அமர்ந்திருந்தனர். மலையாளம், இந்தி, வங்காளம், உருது எனப் பல மொழிகள் காதில் விழுந்தன. எங்கள் பேச்சைக் கேட்டு ஓர் இளைஞர் எழுந்து வந்து, "ஐயா, தமிழ்நாடா?" என்று வினவினார். இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். கம்பி கட்டும் வேலை செய்பவர். அங்கு வந்து 7 ஆண்டுகள் ஆயினவாம்.

"வெயிலை எப்படித் தம்பி தாங்குகிறீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள்.

"வெயில் எங்கள் ஊரிலும் உண்டு, அம்மா. அங்கே வெயில் இருக்கிறது, வேலை இல்லை, இங்கே இரண்டும் இருக்கின்றன" என்று கூறிச் சிரித்தார். வீடு கட்டவும் தங்கையின் திருமணத்திற்கும் வாங்கிய கடன் பெரும்பாலும் அடைந்துவிட்டது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறை. மகளுக்கு வயது 6. "பிறந்தது முதல் அவளோடு நான் இருந்த நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் வரும்" என்றார். அக்கரையில் ஒளிவீசிய ஒரு மாளிகையைச் சுட்டி, "அதன் 22 மாடிக்கும் நான் கம்பி கட்டியிருக்கிறேன். இப்போது வாசலில் நிற்கக்கூட முடியாது" என்றார். அதில் வருத்தம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கலாம்.

"நீங்கள் இருவரும் சேர்ந்து ஊர் பார்க்க வந்தீர்களா?" என்று கேட்டார். ஆம் என்றோம். "ஒரு முறையாவது அவளை இங்கே அழைத்து வந்து இந்தப் படகில் ஏற்ற வேண்டும்" என்றார். என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. இலண்டனில் உறவினர் கொடுத்த இனிப்புப் பொட்டலம் அவள் பையில் இருந்தது. அதை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

திடீரென்று அவர் கைப்பேசியைப் பார்த்தார். "மணி எட்டாகிவிட்டது. ஊரில் ஒன்பதரை. பிள்ளை தூங்கிவிடும், வருகிறேன், ஐயா" என்று விடைபெற்றார். சற்றுத் தொலைவில் இருந்த விளக்குக் கம்பத்தை நோக்கி நடந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார், சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார், முகத்தில் வெளிச்சம் படுமாறு திரும்பி நின்று, கைப்பேசியைத் தம் முன்னே உயர்த்திப் பிடித்தார்.