தணல் பார்க்கும் கண்

‘கைப்பக்குவம்’ என்ற சொல்லின் மேல் எனக்கு வெகுநாளாய் ஒரு கோபம் உண்டு. பாராட்டுவதுபோல் தோளைத் தட்டிவிட்டு, கைக்கு என்ன தெரியும் என்று கேட்காமல் நகர்ந்துவிடும் சொல் அது. சிங்கப்பூரிலிருந்து என் கொழுந்தனார் மின்சாரப் புகைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்த பிறகு அந்தக் கோபம் கூடிவிட்டது.

இறைச்சியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் பெட்டி அது. அடியில் கம்பிச்சுருள், அதன் மேல் மரச்சில்லுத் தட்டு, தண்ணீர்த் தட்டு, மேலே கறிக்கான கம்பித் தட்டுகள். 110 டிகிரி என்று வைத்தால் முள் 95க்கு இறங்குகிறது, 125க்கு ஏறுகிறது. கொழுந்தனார் பத்து நிமிடத்துக்கொருமுறை கதவைத் திறந்து பார்த்தார், இன்னும் இறங்கியது. வீட்டு ஆண்கள் சுற்றி நின்று மதியம் முழுக்க விவாதித்தார்கள். அதற்குப் பெயர் தொழில்நுட்பம்.

காரணம் எளிது. சுருளுக்குப் பாதிச் சூடு தெரியாது. ஒன்று முழுதாக எரியும், இல்லை அணையும். அணைந்த பிறகும் அதில் தங்கிய சூடு மேலேறிக்கொண்டிருக்கும். மெல்லிய தகரச் சுவர் அதைத் தேக்கி வைக்காது. போதாக்குறைக்கு எங்கள் ஊர் மின்சாரம். 230 வோல்ட் 190 ஆகிவிட்டால் 1500 வாட் சுருள் ஆயிரம் வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். “ரெண்டு செங்கல் உள்ள வைங்க தம்பி, தண்ணித் தட்டை ரொப்புங்க, கதவைத் தொடாதீங்க” என்றேன். ஆட்டம் குறைந்தது. “எப்படி அண்ணி?” என்றார். செங்கல்லும் தண்ணீரும் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெல்லத் திருப்பித் தரும். மண் அடுப்பு செய்வதும் அதைத்தான்.

ஆலங்குடிப் பக்கத்தில் என் அப்பாயி உப்புக்கண்டம் போடுவார். ஆட்டுக்கறியை நீளவாக்கில் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறி, நூலில் கோத்து வெயிலில் கட்டுவார். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் காணாமல் போனால் கொடி அடுப்புக்கு மேல் வந்துவிடும். பெட்டி வேகவைக்கிறது, கொடி உலர்த்துகிறது. சூடு குறைவு, நாட்கள் அதிகம். ஆனாலும் சிக்கல் ஒன்றேதான். சூடு கூடினால் கறியின் மேல்புறம் இறுகி ஓடாகிவிடும். உள்ளே ஈரம் சிக்கி அழுகும். குறைந்தால் ஈ மொய்க்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நாட்கணக்கில் தணலை நிறுத்தி வைத்தவர் அப்பாயி. உலை வைத்துக்கொண்டே, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, முள் இல்லாமல், எண் இல்லாமல்.

அந்தப் புகையை நான் கொண்டாடவில்லை. அப்பாயியின் கண்கள் எப்போதும் சிவந்திருந்தன; விடியற்கால இருமலை வைத்துத்தான் வீட்டில் மணி தெரியும். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் எரிவாயு இணைப்பைப் பெண்களின் பெயரில் தந்தது. எங்கள் தெருவில் சிலிண்டர் காபிக்கும் அவசரத்துக்கும். நெடுநேரம் கொதிக்க வேண்டியதெல்லாம் இன்னும் விறகில்தான். விலை அப்படி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து மின்சாரம் பல நாள் இல்லாமல் போனபோது, முற்றத்தில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டத் தெரிந்தவர்களை நம்பித்தான் வீடுகள் சாப்பிட்டன. அவர்களில் யாரும் நிபுணர் என்று அழைக்கப்படவில்லை.

வகுப்பில் பெரும்பாணாற்றுப்படை நடத்துகையில் எயினர் குடிப் பெண்கள் சமைக்கும் ‘வாடூன்’ வரும். உலர்ந்த இறைச்சி என்று பொருள் சொல்லிக் கடந்துபோவது வழக்கம். எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்ல மாணவிகள் கூசுவார்கள். கறி என்றாலே பக்கத்து பெஞ்சைப் பார்த்துக்கொள்ளும் கூச்சம். ஒருத்தி மட்டும் கேட்டாள்: “அம்மா, அதைக் காய வச்சது யாரு, எப்படின்னு உரையில போட்டிருக்கா?” இல்லை.

அதனால் அப்பாயியின் கடைசி மகளான என் அத்தையிடம் நோட்டோடு போனேன். “இதையெல்லாமா எழுதுவாக?” என்று சிரித்தார். பிறகு சொல்லச் சொல்ல எழுதினேன். கொடிக்குக் கீழே உள்ளங்கையை நீட்டு. இருபது எண்ணுறவரைக்கும் தாங்கணும். முன்னாடியே இழுத்துக்கிட்டா தீ கூடுதல். அப்ப விறகை வெளிய இழு, தணலுக்கு மேல சாம்பலைப் போர்த்து. சூடே தெரியலைன்னா ஊது. ராத்திரிக்கு உமி போதும், மெல்லப் புகைஞ்சுகிட்டே கிடக்கும். புகை வெள்ளையா, கொழுத்து வந்தா கறி கசக்கும். இருக்கா இல்லையான்னு தெரியாம நீலமா போகணும். தைலமர விறகு கூடவே கூடாது, கறி மருந்து வாடை அடிக்கும். புளிய விறகுன்னா நல்லது, ஆனா பச்சையா இருக்கக் கூடாது...