850 டாலரும் ஒரு சிறுமியின் கேள்வியும்

இவ்வாண்டு எங்கள் பள்ளியில் மூன்று நாள் கண்காட்சி நடந்தது. 'உலகை மாற்றிய தொழில்கள்' என்பது பத்தாம் வகுப்புக்குத் தரப்பட்ட தலைப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டபோது எங்கள் ஐவர் குழுவுக்கு வந்தது அமெரிக்காவின் ஃபோர்டு மோட்டார் கம்பெனி. பக்கத்துக் குழுவுக்குப் பட்டுப்புழு கிடைத்தது. எங்களுக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது. எங்கள் ஐவர் வீட்டிலும் கார் கிடையாது. காரைப் பற்றி நாங்கள் என்ன சொல்லப் போகிறோம் என்று மலைத்து நின்றோம். ஆனால் நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்ததும் மலைப்பு பறந்துவிட்டது. கதை போல் இருந்தது அந்த வரலாறு!

ஹென்றி ஃபோர்டு 1863ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஏர் பிடிப்பதைவிடக் கடிகாரத்தைக் கழற்றி மாட்டுவதில்தான் சிறுவனுக்கு விருப்பம் அதிகம். வளர்ந்தபின் டெட்ராய்ட் நகரில் எடிசன் பெயரால் நடந்த மின்சாரக் கம்பெனியில் பொறியாளர் ஆனார். பகலெல்லாம் அங்கே வேலை. இரவெல்லாம் வீட்டின் பின்புறக் கொட்டகையில் சொந்த வண்டி செய்யும் முயற்சி. 1896 ஜூன் 4ஆம் நாள் விடியுமுன் வண்டி தயாராகிவிட்டது. நான்கு சைக்கிள் சக்கரங்களின் மேல் ஓர் எஞ்சின். வெளியே தள்ளிக்கொண்டு போகலாம் என்று பார்த்தால், கொட்டகையின் கதவு வண்டியைவிடக் குறுகலாக இருந்தது! கோடரியை எடுத்துச் செங்கல் சுவரை இடித்தார் ஃபோர்டு. வண்டியைச் செய்தவர் வாசலை அளக்க மறந்துவிட்டார். எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனதால் இந்தக் காட்சியையே முதல் படமாக வரைந்தோம்.

அவர் கைவைத்த முதல் கம்பெனி மூடப்பட்டது. இரண்டாவது கம்பெனியிலிருந்து அவரே விலகினார். மூன்றாவதாக 1903 ஜூன் 16இல் தொடங்கியதுதான் ஃபோர்டு மோட்டார் கம்பெனி. கையிலிருந்த ரொக்கம் 28,000 டாலர்.

அந்நாளில் கார் என்பது செல்வர்களின் விளையாட்டுப் பொருள். அதை உழவனின் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது 1908 அக்டோபர் 1இல் வெளிவந்த 'மாடல் டி'. உயரமான சக்கரம், கனமில்லாத உடம்பு, வனேடியம் கலந்த வலிய எஃகு, 20 குதிரைத் திறன் கொண்ட எஞ்சின். சேறும் பள்ளமுமான கிராமப் பாதையிலும் அது போகும். முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். பெட்ரோல் தொட்டி இருக்கைக்குக் கீழே இருந்தது; பெட்ரோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போகும். தொட்டியில் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் பெட்ரோல் இறங்காது. அப்போது வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றுவார்களாம்! 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றார்கள். மக்கள் அதற்குச் செல்லமாக 'டின் லிஸ்ஸி' என்று பெயர் வைத்தார்கள்.

1908இல் மாடல் டியின் விலை 850 டாலர். 1925இல் அதே வகையில் மிக மலிவான வண்டி 260 டாலர். 1927இல் உற்பத்தியை நிறுத்தியபோது ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்திருந்தன. இந்த எண்களைச் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதினோம்.

விலை எப்படிக் குறைந்தது? அதை விளக்கத்தான் எங்கள் மாதிரி. 1913இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் ஃபோர்டின் ஆட்கள் ஒரு புதுமை செய்தார்கள். ஆள் வண்டியைத் தேடிப் போவதற்குப் பதிலாக, வண்டி ஆளைத் தேடி வந்தது. சிகாகோ இறைச்சிக் கூடங்களில் கொக்கியில் தொங்கும் இறைச்சி வரிசையாக நகர, ஒவ்வொருவரும் ஒரு துண்டை மட்டும் அறுப்பதைப் பார்த்து வந்த யோசனை அது. ஒருவர் சக்கரம் மட்டும் மாட்டுவார். அடுத்தவர் திருகு மட்டும் முடுக்குவார். ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்ட முன்பு பன்னிரண்டரை மணி நேரம் ஆனது. 1914இல் 93 நிமிடம் போதுமானதாயிற்று. நாங்கள் செருப்புப் பெட்டிகளை ஒட்டி, நூல் கட்டி, அட்டைக் கார் நகரும்படி அமைத்தோம். முதல் நாள் காலையில் எங்கள் மேசையைச் சுற்றித்தான் கூட்டம்!

மதியம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். எல்லாரும் நூலை இழுத்துப் பார்த்துவிட்டுப் போக, ஒரு சிறுமி மட்டும் நின்றாள்.

"அக்கா, ஒருத்தர் நாள் முழுக்க ஒரே திருகைத்தான் திருகுவாங்களா?"

"ஆமாம் பாப்பா, அதனால்தான் வேகம்."

"அவங்களுக்குக் கை வலிக்காதா? எங்க அம்மா சட்டைக் கம்பெனிக்குப் போறாங்க. காலர் மட்டும்தான் தைப்பாங்க. ராத்திரியானா தோள்பட்டை வலிக்குதுன்னு என்னைத் தேய்ச்சுவிடச் சொல்வாங்க."

எங்கள் ஐவருக்கும் வாயடைத்துப்போயிற்று. எண்களையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தோம். ஆனால் அந்த 93 நிமிடத்தில் கைகளும் தோள்களும் இருந்தன என்பதை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. மாலையில் வரலாறு சொல்லித்தரும் சிஸ்டரிடம் ஓடினோம். "தெரியாது என்று அவளிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார். "இல்லை சிஸ்டர், சும்மா சிரித்தோம்" என்றோம். "இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. சிரித்ததற்குப் பதில் தேடுங்கள்" என்று நூலகச் சாவியைக் கொடுத்தார்.

தேடினோம். நாங்கள் முதலில் படித்துத் தள்ளிவிட்ட பக்கங்களிலேயே பதில் இருந்தது!

ஓடும் வரிசை வந்தபின் ஆட்கள் தங்கவில்லை. 1913ஆம் ஆண்டில் சுமார் 14,000 பேர் வேலையில் இருக்க வேண்டுமானால் 52,000 பேருக்கு மேல் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் வந்த வேகத்திலேயே ஓடினார்கள். அதனால்தான் 1914 ஜனவரி 5இல் அந்தப் புகழ்பெற்ற அறிவிப்பு வந்தது. ஒன்பது மணி நேரத்துக்கு 2 டாலர் 34 சென்ட் என்றிருந்த கூலி, எட்டு மணி நேரத்துக்கு 5 டாலர் ஆகும்! கொட்டும் பனியில் ஆயிரக்கணக்கானோர் வாசலில் திரண்டார்கள். நெரிசலைக் கலைக்கக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள். இதை முதலில் ஃபோர்டின் தயாளம் என்று எழுதியிருந்தோம். தயாளம் மட்டுமன்று, தேவையும் சேர்ந்தது என்று இப்போது புரிந்தது. அந்த ஐந்து டாலருக்கு நிபந்தனையும் உண்டு. கம்பெனி அனுப்பும் ஆட்கள் வீடு தேடி வந்து பார்ப்பார்கள். வீடு சுத்தமாக இருக்கிறதா, குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என்று குறித்துக்கொள்வார்கள். தொடக்கத்தில் அந்த ஐந்து டாலர் பெண்களுக்குக் கிடையாது. இந்த வரியைப் படித்தபோது எங்களில் ஒருத்தி புத்தகத்தைப் படீரென்று மூடிவிட்டாள்.

பின்னர் ரூஜ் ஆற்றங்கரையில் ஒரு பெரிய தொழிற்சாலை எழுந்தது. ஒரு பக்கம் கப்பலில் இரும்புத்தாது வந்து இறங்கும்; மறுபக்கம் கார் வெளியே வரும். அங்கே 1937 மே 26இல், தொழிற்சங்கத் துண்டறிக்கை கொடுக்க வந்தவர்களைக் கம்பெனியின் காவலாட்கள் நடைபாலத்தின் மேல் அடித்து உதைத்தார்கள். அறிக்கை கொடுக்க வந்த பெண்களும் தப்பவில்லை. செய்திப் படக்காரர் ஒருவர் தம் படத்தகடுகளை ஒளித்துவைத்துக் காப்பாற்றியதால் உலகம் அதைக் கண்டது. 1941இல்தான் ஃபோர்டு தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்.

இன்னொன்றும் கிடைத்தது. 1920 முதல் ஃபோர்டு தம் சொந்தப் பத்திரிகையில் யூத மக்களைப் பழித்து வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார். 1927இல் மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகையை மூடினார். ஆனால் எழுதிய நஞ்சு அதற்குள் பல நாடுகளுக்குப் பரவியிருந்தது.

இங்கே எங்களுக்குள் சண்டை வந்தது. "நாம் காரைப் பற்றித்தானே எழுதுகிறோம், இதெல்லாம் எதற்கு?" என்றாள் ஒருத்தி. "கோடரியால் சுவரை இடித்ததை வரைந்தோமே, அது மட்டும் காரா?" என்றாள் மற்றொருத்தி. அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பின் முடிவு செய்தோம். நல்லதை நீக்க மாட்டோம். ஆனால் பக்கத்திலேயே இன்னொரு அட்டை வைப்போம்.

இரண்டாம் அட்டைக்காகப் பிற்கால வண்டிகளையும் புரட்டினோம். 1957இல் ஃபோர்டின் மறைந்த மகன் பெயரால் 'எட்செல்' என்றொரு கார் வந்தது. அதற்குப் பெயர் தேட மேரியன் மூர் என்ற பெண் கவிஞரிடம்கூட யோசனை கேட்டிருந்தார்களாம்! அவர் சொன்ன எந்தப் பெயரையும் வைக்கவில்லை. வண்டியும் விற்கவில்லை, 1959இலேயே நிறுத்திவிட்டார்கள். 1964 ஏப்ரல் 17இல் வந்த 'மஸ்டாங்' முதல் நாளிலேயே சுமார் 22,000 பேரின் ஆணையைப் பெற்றது. அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே சிகாகோவில் ஓர் இளம் பள்ளி ஆசிரியை ஒன்றை வாங்கி ஓட்டிச் சென்றுவிட்டார் என்பது எங்கள் ஆசிரியைகளுக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆனால் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது 1970இல் விற்பனைக்கு வந்த 'பின்டோ'. எடை 2,000 பவுண்டுக்குள், விலை 2,000 டாலருக்குள் இருக்க வேண்டும் என்று குறிவைத்துச் செய்த சிறிய கார் அது. அதன் பெட்ரோல் தொட்டி பின் அச்சுக்கும் பின்னால் இருந்தது. பின்னாலிருந்து வேறு வண்டி மோதினால் தொட்டி கிழிந்து தீப்பற்றும் அபாயம் இருந்தது. அப்படி ஒரு விபத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் கடுமையாகக் கருகிப்போக, 1978இல் கலிபோர்னியாவில் நடுவர் குழு கம்பெனியின் மேல் பெருந்தொகை அபராதம் விதித்தது. அதே ஆண்டு ஜூனில் 15 லட்சம் வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தார்கள். ஆகஸ்டில் இந்தியானா மாநிலத்தில் அக்காள் தங்கை இருவரும் அவர்களுடைய உறவுப் பெண் ஒருத்தியும் சென்ற பின்டோவை ஒரு வேன் பின்னால் வந்து மோதியது. மூவரும் தீயில் இறந்தார்கள். இளையவளுக்கு வயது 16. கம்பெனியின் மேல் குற்ற வழக்கே நடந்தது. 1980இல் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பைக் குறை கூற நாங்கள் யார்? ஆனால் 16 என்ற எண்ணை எழுதும்போது எங்கள் கை நடுங்கியது. எங்களைவிட ஒரு வயதுதானே மூத்தவள்!

எங்கள் மண்ணுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 1990களில் சென்னைக்கு அருகே மறைமலைநகரில் ஃபோர்டின் தொழிற்சாலை எழுந்தது. 1999இல் அங்கே 'ஐகான்' கார் வெளிவந்தது. 'எகோஸ்போர்ட்' கப்பலேறி வெளிநாடுகளுக்குப் போனது. நட்டம் என்று சொல்லி 2021 செப்டம்பரில் உற்பத்தியை முடிக்கப்போவதாக அறிவித்தார்கள். 2022இல் கடைசிக் கார் வந்தது. அங்கே மீண்டும் எஞ்சின் செய்ய 2025இல் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது.

மூன்றாம் நாள் பெற்றோர் தினம். எங்கள் மேசையில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்றின் தலைப்பு 'குறைந்த விலை'. மற்றதன் தலைப்பு 'கொடுத்த விலை'. முன்னது வண்ணப் படங்களோடு. பின்னது வெறும் கறுப்பு மையில். வருத்தம் என்னவென்றால், பலர் முதல் அட்டையைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

மாலையில் அந்தச் சிறுமி தன் தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார் அந்த அம்மா. இரண்டாம் அட்டையை விரல் வைத்து மெதுவாகப் படித்தார்.

"எங்களுக்கும் மணிக்கு இத்தனை காலர்னு பலகையில எழுதிப் போடுவாங்கம்மா" என்றார். பிறகு, "அஞ்சு டாலர் குடுத்த பிறகு ஆளுங்க நின்னாங்களா?" என்று கேட்டார்.

"நின்றார்கள் அம்மா. வேலையை விட்டுப் போவது மிகவும் குறைந்துவிட்டது."

"பின்னே? கூலியைக் கூட்டிக் குடுத்தா யார் போவா!" என்று சிரித்தார். அடுத்த வரியையும் படித்துவிட்டு, "வீட்டுக்குள்ள வந்து பாத்தாங்களா? ஐயோ, அது மட்டும் வேண்டாம்" என்றார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். இம்முறை அது வாயடைத்த சிரிப்பு அன்று.

எங்கள் குழுவுக்குப் பரிசு கிடைக்கவில்லை. பட்டுப்புழுவுக்குத்தான் முதல் பரிசு. ஆனால் அன்று முதல் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சீருடைச் சட்டையை மடித்து வைக்கும்போது காலரைத் தடவிப் பார்க்கிறோம். இதை யாரோ ஒருவர் தைத்திருக்கிறார். அவர் தோளை இன்றிரவு யார் தேய்த்துவிடுவார்களோ என்று நினைத்துக்கொள்கிறோம். மலிவாகக் கிடைக்கும் பொருளை நாம் வெறுக்க வேண்டியதில்லை. மாடல் டி இல்லையேல் எத்தனையோ உழவர் குடும்பங்கள் தங்கள் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கமாட்டா. ஆயினும் விலைச்சீட்டில் எழுதாத விலை ஒன்று உண்டு. அதையும் கேட்டறிவது கற்றவர் கடமை அன்றோ! அதை எங்களுக்குக் கற்றுத் தந்தவள் ஆறாம் வகுப்புச் சிறுமி. அவளுக்கு எங்கள் நன்றி.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி