கழிச்சல் காலக் குறிப்புகள்

மாசி 18

அக்காள் இடுப்பெலும்பு முறிந்து திருச்சிராப்பள்ளியில் மகள் வீட்டில் படுத்திருக்கிறாள். மணப்பாறைக்கு மேற்கேயுள்ள இந்தச் சிற்றூரில் அவளுடைய வீட்டையும், வீட்டைக் காட்டிலும் அவள் பெரிதாக மதிக்கிற கோழிகளையும் காடைகளையும் காக்கும் பொறுப்பு பொங்கலுக்குப் பிறகு என்னைச் சேர்ந்தது. இதுவரை குறிப்பெழுதும்படியான விசேஷம் ஒன்றும் நேரவில்லை. இன்று நேர்ந்துவிட்டது, நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்காவிட்டால், பின்னால் அவள் கேட்கும்போது எது முன், எது பின் என்று எனக்கே தெளிவிராது.

விடியற்காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே பாயும் பெட்டைகளில் இரண்டு இன்று பாயவில்லை. கண்ணை மூடி, இறக்கைகளைத் தொங்கவிட்டு, கழுத்தை உடலுக்குள் இழுத்துக்கொண்டு நின்றன. கம்பும் அரிசிக் குருணையும் இறைத்தேன். அவற்றில் ஒன்று தலையை நீட்டிக் கொத்துவது போலத் தரையைத் தொட்டது. ஆனால் ஒரு மணியும் அலகுக்குள் போகவில்லை. அதைக் கண்டபோதுதான் எனக்கு அச்சம் உண்டாயிற்று. கோழி பிற பிராணிகளுக்கு இரையாகும் ஜாதி. நோயுற்றதென்று தெரிந்தால் தன் கூட்டத்திலுள்ளவையே அதைக் கொத்தும், பருந்தும் பூனையும் கண்டுகொள்ளும். ஆகையால் சக்தி உள்ளமட்டும் அது ஆரோக்கியமாயிருப்பதாகவே நடந்துகொள்ளும், தின்பதுபோல் பாவனையும் செய்யும். நம்முடைய கண்ணுக்கு வியாதி தென்படுகிற வேளையில் அது அந்த உடம்பில் வெகுதூரம் போயிருக்கும்.

மாலையில் பச்சையும் வெள்ளையுமாக நீர்த்த எச்சம். வாயைத் திறந்து மூச்சு வாங்கின. இரண்டையும் தனியே மாட்டுக் கொட்டகையில் கூடையிட்டு மூடினேன்.

மாசி 19

இரவே ஒன்று மாண்டது. அதைச் சாக்கில் சுற்றிக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றேன். மருத்துவர் இளம் வயதுப் பெண், பொறுமையுள்ளவர். உடலை அறுத்து, தீனி அரைபடும் கற்குடலுக்கு முன்னாலுள்ள சிறு பையைத் திறந்து, அதன் உட்சுவரில் ஊசிமுனை அளவில் வரிசையாக நின்ற இரத்தப் புள்ளிகளைக் காட்டினார். “வெள்ளைக் கழிச்சல்தாங்க ஐயா” என்றார்.

இவ்வியாதியின் சரித்திரத்தை நான் முன்பே படித்திருக்கிறேன். 1926-ல் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தின் அருகிலும் இனங்காணப்பட்டு, அதை அடுத்து நம் நாட்டில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் அவ்வூரின் பெயரையே நிரந்தரமாகச் சுமந்துவிட்டது. அதே குமாவுன் மலைகளில், அங்கிருந்து அதிக தூரமில்லாத முக்தேசுவரத்து ஆராய்ச்சி நிலையத்தில், 1940-களில் இதற்குரிய தடுப்பூசி வித்தும் உருவாயிற்று. வளர்ந்த கோழிக்கு இறக்கையடியில் இன்று போடுகிற ஊசிகளில் ஒன்று அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. நோயின் பெயரும் காப்பும் ஒரே மலைத்தொடரிலிருந்து வந்து, எழுபது எண்பது ஆண்டுகளாகியும், கிராமத்துக் கொல்லைகளை நோய் மட்டும் தவறாமல் வந்தடைகிறது, காப்பு வந்தடைவதில்லை. இதை எண்ணி வழிநெடுகக் கோபத்தோடு நடந்தேன்.

சிகிச்சை என்ன என்று கேட்டதற்கு அவர் ஒளிக்காமல் சொன்னார்: கிருமியைக் கொல்லும் ஔஷதம் எதுவுமில்லை, ஊசி போடாத கூட்டத்தில் பத்துக்கு ஒன்பது போனாலும் வியப்பில்லை, எஞ்சியவற்றைப் பிரித்து வையுங்கள், செத்ததைத் தெருவில் எறியாதீர்கள், அடுத்த வீட்டுக் கொல்லைக்குள் இந்தச் செருப்போடு போகாதீர்கள்.

மாசி 20

மூன்று போயின. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினேன்.

மாசி 22

கருப்பியின் கழுத்து திருகிக்கொண்டுவிட்டது. அக்காள் தன் கையாலேயே தீனி கொடுத்து வளர்த்த சிறுவிடைப் பெட்டை அது. அடைகாப்பதில் இந்தத் தெருவிலேயே பெயர் பெற்றது. தலை முதுகின்மேல் புரண்டு, அலகு வானத்தை நோக்குகிறது. நடக்க முயன்றால் வட்டமிட்டு விழுகிறது. கிருமி நரம்பைத் தொட்டதற்கு அடையாளம் இது. ஆனால் பசியெடுக்கிறது, சோற்றைப் பிசைந்து அலகைத் திறந்து வைத்தால் விழுங்குகிறது.

பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்த விழுதை வாழையிலையில் வைத்து நீட்டினாள். சிறு உருண்டைகளாக்கிக் கொடுத்தேன். இதனால் கிருமி சாகும் என்று நான் நம்பவில்லை. ஆனால் தின்னாமலும் குடிக்காமலும் துவண்டு கிடக்கும் பறவையின் வாயில் ஒரு நாளைக்குச் சில முறை ஈரமும் உணவும் சேர்வது எவ்வளவோ பெரிய காரியம். மருந்தின் பெயரால் நடக்கிற அந்தச் சிசுருஷையை அலட்சியம் செய்கிறவர்கள் ஒரு நோயாளியின் அருகில் உட்கார்ந்தறியாதவர்கள்.

அக்காளிடம் ஒன்றும் சொல்லவேண்டாம் என்று அவள் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தொலைபேசியில் அக்காள், “எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்கேன்” என்றாள். குரல் தெளிவாகவே இருந்தது. பிறகு மகள் தனியே பேசியபோது, இரவெல்லாம் வலியில் கண்மூடவில்லை என்றாள்.

மாசி 23

நாளை புதன், மணப்பாறையில் சந்தை. கோழி வியாபாரி மொபெட்டின் இருபுறமும் கம்பிக்கூடை கட்டிக்கொண்டு இன்று மாலை தெருவுக்குள் நுழைந்தான். கூடைகளில் ஏற்கெனவே வேறு ஊர்களில் வாங்கியவை கால்கள் கட்டப்பட்டுக் கிடந்தன. எங்கேனும் கழிச்சல் என்று செவிப்பட்டதும் இவர்கள் வருகை மிகுந்துவிடும், விலை பாதியாகும். செத்தால் ஒன்றும் கிடைக்காது என்று அஞ்சுகிற வீடுகள், இன்னும் நிற்கிற கோழிகளை அந்தப் பாதி விலைக்குத் தள்ளிவிடும். கிருமி உடம்புக்குள் புகுந்து நோய் தெரிவதற்குப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும். பார்வைக்கு நன்றாயுள்ள அந்தக் கோழிகள் சந்தையில் கைமாறி, பத்து ஊர்க் கொல்லைகளுக்குப் போய்ச் சேரும். காற்றைக் காட்டிலும் விரைவாக இந்த வியாதியைக் கொண்டுசெல்கிறவை மனிதனுடைய கூடையும் செருப்பும் பயமுமே.

பக்கத்து வீட்டு அம்மாள் தன்னுடைய ஆறு பெட்டைகளையும் பிடித்து வைத்திருந்தாள். நான் தெருவில் நின்றபடியே அவளை அழைத்துச் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. “நீங்க சொல்றது நியாயம்தாண்ணே. வெள்ளிக்கிழமை குழுவுக்குத் தவணை கட்டணும். கட்டலைன்னா மத்தப் பொம்பளைங்க கைக்காசு போட்டுக் கட்டுவாங்க. அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?” என்றாள். அவளுக்கு அந்த ஆறு கோழிகளும் கையிருப்பு. வங்கியில் பணம் போட்டிருக்கிற எனக்கு அதைத் தர்மசாஸ்திரம் பேசி முடக்குவதற்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்ற கேள்வி எனக்குள் எழாமலில்லை.

வியாபாரி சொல்லும் விலையையே நான் தருகிறேன், கோழிகள் உன் கொல்லையிலேயே இருக்கட்டும் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. “செத்துப்போற கோழிக்கு உங்ககிட்டக் காசு வாங்குவேனாண்ணே?” என்றாள். அதே கோழியை அவனுக்கு விற்க அவளுக்குத் தயக்கமில்லை; எனக்கு விற்பது மட்டும் பாவமாகப்பட்டது. அவனிடம் வாங்கப்போகிறவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. நானோ வேலிக்கு இப்பால் இருக்கிறவன், அவள் அரைத்த விழுதை வாங்கிக்கொண்டவன்.

அவன் பொழுது சாயும்வரை பேரம் பேசினான். கடைசியில் அவள் பெட்டைகளைத் திரும்பவும் கூட்டில் விட்டுவிட்டாள். என்ன நினைத்து விட்டாள் என்று சொல்லவில்லை. கோடி வீட்டில் மூன்று விற்றார்கள்.

மாசி 24

தவணைக்குக் கடனாகவாவது வாங்கிக்கொள் என்றதற்கு ஒப்புக்கொண்டாள்.

மாசி 26

இரண்டு நாளாக இங்கே சாவு இல்லை. கொட்டகையில் நிற்பவை ஒன்பது, சேவலும் பிழைத்திருக்கிறது.

மருத்துவரிடம் மறுபடி சென்றேன். இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் அரசு நிலையம் போன்றவற்றிலிருந்து தடுப்பூசி தயாராகி வருகிறது, விலையும் அற்பம். தடை வேறிடத்தில் இருக்கிறது. மருந்து உலர்ந்த தூளாகச் சிறு புட்டியில் அடைபட்டு வருகிறது. ஒரு புட்டி நூறு கோழிக்குரியது. அதைப் பனிக்கட்டியில் வைத்துக் கொணர்ந்து, கரைத்து, கரைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். மிச்சத்தை நாளைக்கென்று வைக்க இயலாது, உயிருள்ள வித்து செத்துப்போகும். ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கும் நாமக்கல் பண்ணைக்கு இது ஒரு பொருட்டன்று. பத்துக் கோழியுள்ள வீட்டுக்காரி தொண்ணூறு கோழிக்குரிய மருந்தைக் கொட்டுவதா? ஆகவே அவள் வாங்குவதேயில்லை. தடுப்பூசி முகாம் நடக்கும் நாளில் வெளியூர் போயிருந்தால் அந்த ஆண்டும் கழிந்துவிடும். அந்தப் புட்டியை மேசையின்மேல் வைத்து அவர் விளக்கியபோது, ஒற்றை வீட்டுக்கென்று அது செய்யப்படவில்லை என்பது எனக்கு விளங்கிற்று.

தெருவில் எத்தனை இருக்கும் என்றார். தெரியாது என்றேன். எண்ணிக்கொண்டு வாருங்கள் என்றார்.

மாசி 27

எண்ணியது நானல்ல. நோயுள்ள வீட்டிலிருந்து நான் எந்தக் கொல்லைக்குள்ளும் காலெடுத்து வைக்கக்கூடாது. பக்கத்து வீட்டு அம்மாள் தன் குழுப் பெண்களோடு வீடு வீடாகச் சென்று, பென்சிலால் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். எட்டு வாரத்துக்கு மேற்பட்டவை எண்பத்து நான்கு. குஞ்சுகள் முப்பதுக்குச் சற்றுக் குறைவு.

பங்குனி 1

நேற்று மாலை, கோழிகள் தாமே அடையவருகிற வேளையில், மருந்தகத்து உதவியாளர் பனிக்கட்டிக் குடுவையோடு வந்தார். நோயில்லாத வீடுகளில் தொடங்கி, நோய் கண்ட வீட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது முறை. வீட்டுக்கு வீடு ஊசியும் மாற்றவேண்டும். பெரியவற்றுக்கு இறக்கையடித் தோலுக்குள் அரை மில்லி. குஞ்சுகளுக்கு வேறொரு புட்டியிலிருந்து கண்ணில் ஒரு சொட்டு. பெண்கள் இறக்கையை விரித்துப் பிடிக்க, சிறுவர்கள் அடுத்ததைக் கொண்டுவந்து தர, தெரு முழுதும் கூச்சலும் சிரிப்புமாயிருந்தது. நான் எங்கள் வாசற்படியில் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலைத் தாண்டவில்லை. எங்கள் முறை வரும்போது விளக்கு வைத்தாயிற்று.

கோடி வீட்டுக்காரர்கள் தங்களிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கூரைமேல் இரண்டு நின்றதை எல்லோரும் பார்த்தோம்.

பங்குனி 4

இன்று மனத்தில் ஓர் இலேசான தன்மை. காடைகளைப் பற்றி ஒன்றுமே எழுதாமலிருக்கிறேன். அவை இத்தனை அமளியிலும் ஒரு குறையுமில்லாமல் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. ஜப்பானியக் காடைக்குக் கழிச்சலை எதிர்க்கும் இயற்கைச் சக்தி கோழியினும் அதிகம். ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். புள்ளிபோட்ட பத்துக் கிராம் முட்டை. மார்பில் கரும்புள்ளி உள்ளது பெட்டை, செம்மண் நிறம் படர்ந்தது சேவல். அக்காள் கூட்டின் கம்பிக்கூரைக்குக் கீழே பழஞ்சேலை ஒன்றைத் தொய்வாகக் கட்டியிருப்பதற்குக் காரணம், ஊசி போட்ட மாலையின் சத்தத்தில்தான் தெரிந்தது. திடுக்கிட்டதும் அவை ஓடுவதில்லை. நேர் மேலே துள்ளுகின்றன. அந்தச் சேலை இல்லாவிட்டால் கம்பியில் மோதி மண்டை பிளந்திருக்கும். கோழிக் கூட்டுக்கும் காடைக் கூட்டுக்கும் நடுவே முற்றத்தின் முழு அகலத்தையும் அவள் விட்டிருப்பதும், காடைக்குத் தண்ணீர் வைக்கும் குவளையைக் கோழிப் பக்கம் கொண்டுபோகக்கூடாது என்று புறப்படும்போது இரண்டு தரம் சொன்னதும் இப்போது வேறு விதமாக நினைவுக்கு வருகின்றன.

பானையில் சாணமும் கந்தல் சாக்கும் வைத்து நேற்றிரவு கவிழ்த்திருந்தேன். காலையில் கரையான் நிறைந்திருந்தது. ஊசி போட்ட விடைக்கோழிகள் அதன்மேல் விழுந்து தின்றதை வெகுநேரம் பார்த்தேன். தின்பதுபோல் செய்கிறதா, மெய்யாகவே தின்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது.

பங்குனி 5

விடிந்த வேளையில் கீரி. ஒரு காடையைக் கம்பி வழியே இழுத்துத் தலையை மட்டும் கொண்டுபோய்விட்டது.

பங்குனி 9

கோடி வீட்டில் கழிச்சல். நோயுற்றவை கூரைமேல் நின்ற அந்த இரண்டும்தான். அந்த வீட்டுக் கிழவர் பகலில் எங்கள் வாசலில் வந்து நின்று, சுண்ணாம்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன். பக்கத்து வீட்டு அம்மாள், அவர்கள் வியாபாரிக்கு விற்ற மூன்றைப் பற்றிப் பேச்செடுக்க வாய் திறந்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அவளுடைய ஆறும் நிற்கின்றன. ஊசியின் பலன் முழுமையாகப் பற்ற ஒரு வாரத்துக்கு மேலாகலாம். அதுவரை நாட்களை எண்ணிக்கொண்டிருக்கச் சொன்னார் மருத்துவர்; அவை இன்னும் முடியவில்லை.

பங்குனி 12

கருப்பியின் கழுத்து சிறிதளவு நேராயிருக்கிறது. அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. நின்றபடி தானாகக் கொத்துகிறது, ஆனால் மணிக்கு ஒரு விரற்கடை தள்ளி. அகன்ற தட்டில் தீனியைக் குவித்து வைத்தால் குறி தவறினாலும் வாயில் படுகிறது.

அக்காள் பேசினாள். கருப்பி அடைக்கு உட்கார்ந்தாளா, உட்கார்ந்தால் இந்தத் தடவை பத்துக் காடை முட்டை வைத்துப் பார், காடை தன் முட்டையைத் தானே அடைகாக்காது, சிறுவிடை எடை குறைவானதால் நசுக்காது, பதினேழு பதினெட்டு நாளில் பொரிந்துவிடும் என்றாள். பார்க்கலாம் என்றேன். வலி எப்படியிருக்கிறது என்று கேட்டேன். அது கிடக்கட்டும் என்றாள். நான் விடவில்லை, மறுபடியும் கேட்டேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, இடது பக்கம் திரும்பிப் படுக்கமுடியவில்லை, இரவில் கால் மரத்துப்போகிறது என்று சொன்னாள். மருத்துவரிடம் சொன்னாயா என்றதற்கு இல்லை என்றாள். மகளை அழைத்துச் சொல்லியிருக்கிறேன். கோழிகளைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நேரில் சென்று சொல்வதாக முடிவு செய்திருக்கிறேன். அதற்குள் வேறு யாராவது சொல்லாமலிருக்கவேண்டும்.

மாலையில் பக்கத்து வீட்டு அம்மாள் அந்தக் காலண்டர் தாளோடு வந்தாள். சித்திரையில் பொரிக்கப்போகிற குஞ்சுகளுக்குச் சொட்டு மருந்து வாங்குவதென்றால் மேலத்தெருவையும் சேர்த்தால்தான் புட்டி வீணாகாது. ஆனால் மேலத்தெருவுக்கும் இந்தத் தெருவுக்கும் கோயில் வழக்கு ஒன்று நெடுநாளாக நடக்கிறது. யார் போய்க் கேட்பது என்று அவளும் நானும் விளக்கு வைத்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம். கோடி வீட்டுக் கிழவருக்கு அங்கே சம்பந்தி வீடு உண்டாம்.