மரிக்காரும் அப்புக்குட்டியும் தரம் ஏழும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு உதவியும் கேட்கப் போகிறேன்.

போன தவணை, தரம் ஏழில் ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், நான் ஒண்டும் செல்லல்ல, அவன்தான் சென்ன" என்றான். வகுப்பே சிரித்தது. புத்தளத்தில் பிறந்து, இரண்டு வருடத்துக்கு முன் தாய் தகப்பனோடு யாழ்ப்பாணம் வந்த பிள்ளை. அன்றோடு அவன் வகுப்பில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டான். இடைவேளையில் நாலைந்து பேர் "செல்லு, செல்லு" என்று அவனுக்குப் பின்னால் போனதை நானே கண்டேன். அதட்டினேன். அதட்டினால் நிற்கிற விசயமா இது?

வீட்டில் இதைச் சொன்னபோது வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எங்கட மரிக்கார்ட பேச்செல்லோ!" என்றார். எந்த மரிக்கார் என்று ஐம்பது தாண்டியவர்களுக்கு விளங்கியிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எழுபதுகளில் இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்று ஒரு நகைச்சுவை நாடகம் போனது. முக்கியமாக நாலு பேர். முஸ்லிம்கள் பேசும் தமிழில் மரிக்கார், யாழ்ப்பாணத் தமிழில் அப்புக்குட்டி, சிங்களவர் தமிழ் பேசினால் எப்படியோ அப்படி உபாலி, பிராமணத் தமிழில் ஐயர். மரிக்கார், எஸ். ராமதாஸ். அப்புக்குட்டி, ரி. ராஜகோபால். உபாலி, எஸ். செல்வசேகரன். ஐயர் யார் தெரியுமா? எங்கள் பி. எச். அப்துல் ஹமீட்! ராமதாஸ் மரிக்காராகவும் அப்துல் ஹமீட் ஐயராகவும் பேசிக்கொண்டிருக்க, நாடு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. 1976இல் அது 'கோமாளிகள்' என்ற படமாகவும் வந்தது.

மூத்தாப்பாவுக்கு டவுனில் தையல் கடை. நோன்புக்குப் பாங்கு கேட்க வேணும் என்று வீட்டில் சொல்லித்தான் கடைக்கு றேடியோ வாங்கினாராம். பாங்குக்கு வந்த பெட்டி பாங்கோடு நிற்குமா? கோமாளிகள் தொடங்கினால் மூன்று மெஷினும் ஓய்ந்துவிடும் என்று வாப்பா சொல்லுவார். ரோட்டில் சைக்கிளை ஒரு காலில் ஊன்றிக்கொண்டு நின்று கேட்ட ஆக்களும் உண்டாம். பெருநாளுக்குத் தைக்கக் கொடுத்தவர்கள் வந்து கத்தினாலும், "இது முடியட்டும் தம்பி" என்பதுதான் பதில்.

நாடகம் மட்டுமில்லை. பொப் பாடல்களும் அந்தப் பெட்டிக்குள்ளால்தான் வந்தன. துள்ளிசை என்று தமிழில் பெயர் வைத்தார்கள். உரும்பிராய் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' இன்றைக்கும் கல்யாண வீடுகளில் ஓடுகிறது. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் தாண்டி இந்தியா முழுக்கப் போனது. மூத்தாப்பா இதெல்லாம் ஆகாத கூத்து என்பார், ஆனால் கால் மட்டும் மிதிபலகையில் தாளம் போடும்.

இந்தப் பாட்டுகளின் துள்ளல் பெரும்பாலும் பைலாவிலிருந்து வந்தது. பைலா எங்கிருந்து வந்தது என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. புத்தளத்தில் வாப்பா தையல் வேலை செய்த காலத்தில், தைத்த உடுப்புக் கொடுக்க ஒருமுறை சிரம்பியடிக்கு என்னையும் கூட்டிப்போனார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களின் வழிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு முற்றத்தில் சிரட்டையும் கரண்டியும் போத்தலும் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆறுதலாகத் தொடங்கி, போகப் போக வேகம் எடுத்து, கடைசியில் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். பாட்டு போர்த்துக்கேயம் கலந்த மொழி, பாடினவர்களிலேயே பலருக்கு அர்த்தம் தெரியாது. அதற்கு மஞ்ஞா என்று பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பத்து வயதில் எனக்கு விளங்கினது ஒன்றுதான். இந்தத் தாளத்தை நான் றேடியோவில் கேட்டிருக்கிறேன்.

கலாசாலையில் படிக்கும்போது நாடகமும் அரங்கியலும் பாடத்துக்காக வானொலி பற்றி ஒரு ஒப்படை எழுதினேன். அப்போதுதான் அமெரிக்காவிலும் இதே கதை என்று அறிந்தேன். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆபிரிக்கரின் பிள்ளைகள் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் உருவாக்கியது ஜாஸ். அதை நாடு முழுக்கக் கொண்டுபோனவற்றில் வானொலியின் கதம்ப நிகழ்ச்சிகளும் உண்டு. கொஞ்சம் பகிடி, கொஞ்சம் நாடகம், கொஞ்சம் பாட்டு, நடுவில் விளம்பரம். 1937இல் அப்படியொரு நிகழ்ச்சியைச் சில வாரங்கள் லூயி ஆர்ம்ஸ்ட்ரோங் நடத்தினார். நாடு முழுக்க ஒலித்த விளம்பர நிகழ்ச்சியொன்றை ஒரு கறுப்பினத்தவர் நடத்தியது அதுதான் முதல் தடவை. பணம் போட்டது ஒரு ஈஸ்ற் கம்பெனி. அப்பத்துக்கு மா புளிக்க வைக்கிற அதே ஈஸ்ற்தான்! எங்கள் வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. பற்பசைக் கம்பெனிகளும் பிஸ்கற் கம்பெனிகளும் பாட்டுக்குக் காசு கொடுத்த அதே முறைதான். சோப்பு விற்க வந்த மைக்கில்தான் எத்தனை பேர் தங்கள் குரலை வைத்துவிட்டுப் போனார்கள்.

1990 ஒக்டோபர் 30. அது பற்றி இங்கே விரிவாக எழுதப் போவதில்லை, அது எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கு மூன்று வயது. றேடியோ கடைத் தட்டில் இருந்தது, அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் லாம்பு வெளிச்சத்தில் வாப்பாதான் எங்களுக்கு றேடியோ. நாலு குரலும் தனியாகவே போடுவார். மரிக்காருக்கு நாங்கள் அவ்வளவு சிரிக்கமாட்டோம், சுற்றியிருந்த புத்தளத்து ஆக்கள் கிட்டத்தட்ட அப்படித்தானே பேசினார்கள்! அப்புக்குட்டி வந்தால்தான் விழுந்து விழுந்து சிரிப்போம். "உதென்ன கதை கதைக்கிறியள்?" யாழ்ப்பாணத்துப் பேச்சு என் காதில் தங்கியது அப்படித்தான்.

சரி, தரம் ஏழுக்கு வருகிறேன். இந்தத் தவணை கலைவிழாவுக்கு நாலு பேரை வைத்து ஒரு சின்ன நாடகம் போடலாம் என்று நினைத்தேன், நடுவில் ஒரு துள்ளிசைப் பாட்டோடு. முஸ்லிம் பிள்ளைக்கு அப்புக்குட்டி, தமிழ்ப் பிள்ளைக்கு மரிக்கார். எனக்குப் பெரிய கெட்டித்தனமாகப் பட்டது. இரண்டாவது ஒத்திகைக்கு அடுத்த நாள் ஒரு தாய் வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "ரீச்சர், எங்கட பேச்ச மத்தவங்க பழிச்சுக் காட்டுறத நீங்களே மேடையில ஏத்துறீங்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. மரிக்காராக நடித்த பிள்ளை வேணுமென்றே இழுத்து இழுத்துப் பேசுவதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒத்திகையை நிறுத்தினேன். அன்றிரவு வாப்பா ராமதாஸைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார். அவர் எங்களைப் பழிக்கவில்லை, மரிக்காரில் அவருக்குப் பிரியம் இருந்தது, கேட்டால் தெரியும் என்றார். உம்மா குசினிக்குள் இருந்து, "நான் ஒருநாளும் சிரிக்கல்ல" என்றார். உம்மாவின் வாப்பா பேருவளையிலிருந்து வந்து இங்கே நகைக் கடை வைத்தவர். "அந்த மனுசன் அச்சா என்ட வாப்பா மாதிரியே பேசும். மௌத்தான வாப்பா வந்து பேசின மாதிரி இருக்கும். அதுல சிரிக்க என்ன இருக்கு?" வாப்பா பேசாமல் இருந்துவிட்டார். நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தும் இது அவருக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து அந்தப் புத்தளத்துப் பிள்ளை ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். "ரீச்சர், அவன் பிழையாச் செல்றான். அப்பிடி ஆருமே பேசமாட்டாங்க. நான் செல்லிக் குடுக்கட்டா?"

இப்போது ஒவ்வொரு நாளும் பின்னேரம் இரண்டு பேரும் மலைவேம்புக்குக் கீழே இருக்கிறார்கள். மரிக்காரின் வசனத்தை இவன் எழுதுகிறான், அவன் திருத்திப் பேசிப் பழகுகிறான். நேற்று அப்புக்குட்டிக்கும் ஒரு வசனம் தேவைப்பட்டு, அவன் தன் அம்மம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தான். அந்தத் தாயிடம் நானே போய்ச் சொன்னேன். "வந்து பாக்குறேன்" என்றார், அவ்வளவுதான். மேடையேற்றுவேனா என்பதை அவர் ஒத்திகை பார்த்த பிறகுதான் முடிவு செய்வேன்.

உதவி இதுதான். கோமாளிகளின் கும்மாளம் பதிந்த கசற் யாரிடமாவது இருக்கிறதா? வெளிநாட்டில் இருக்கும் உறவுகளும் பரணில் தேடிப் பாருங்கள். அரைமணி நேரம் இருந்தாலும் போதும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த நாலு குரலையும் ஒருமுறை போட்டுக் காட்ட வேணும். உள்பெட்டியில் எழுதுங்கள். கசற்றைப் பதிந்துகொண்டு கட்டாயம் திருப்பித் தருவேன்.