வெயில் தேசத்து ஆட்களும் ஃபண்டாசியாலாண்ட் வெயிலும்

"இதெல்லாம் ஒரு வெயிலே? சித்திரை வெயிலுக்கை வெறுங்காலோடை பள்ளிக்கூடம் போன ஆக்கள் நாங்கள்!"

ஜேர்மனிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் கோடை தொடங்கியதும் இந்த வசனம் ஒரு முறையாவது கேட்கும். எங்கள் வீட்டிலும் கேட்டது. 2019 ஜூலை 24 ஆம் திகதி காலை, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது கேட்டது. அன்றைக்குத்தான் பிள்ளைகளை முதன்முதலாக ஃபண்டாசியாலாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

புதிதாக வந்திருக்கும் உறவுகளுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறோம். டுசல்டோர்ஃபில் இருந்து றெயினில் கொலோனைத் தாண்டினால் புறூல் என்ற சிறிய நகரம். அங்கேதான் 1967 இல் திறந்த இந்தக் கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. வடக்குப் பக்கம் பொட்ரொப்பில் 1996 இல் திறந்த இன்னொரு பூங்காவும் உண்டு. ஆனால் எங்கள் மூத்தவனின் வகுப்பில் எல்லோரும் போய்வந்தது புறூலுக்கு. முன்னம் வந்த அண்ணன்மார், அகதி வழக்கு நடக்கும் காலத்தில் நகர எல்லையைத் தாண்டுவதற்கே கந்தோரில் அனுமதிக் கடிதம் எடுத்ததைச் சொல்லுவார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, ஒரு கடிதமும் இல்லாமல் பிள்ளைகளோடு சும்மா விளையாடப் போவதே பெரிய காரியமாக இருந்தது.

சும்மா என்றா சொன்னோம்? நாலு பேருக்கும் நுழைவுச்சீட்டு எடுத்தால் தொழிற்சாலைச் சம்பளத்தில் இரண்டு நாள் போய்விடும். அதனால் ஒரு கணக்குப் போட்டோம். கதவு திறக்கும்போது உள்ளே போகவேண்டும், பூட்டும்போதுதான் வெளியே வரவேண்டும். கொடுத்த காசுக்கு ஒரு ஆட்டத்தையும் விடக்கூடாது. இந்தக் கணக்கைப் போட்டது இதை எழுதுகிற கைதான்.

முதல்நாள் இரவு ஒருவரும் சரியாக நித்திரை கொள்ளவில்லை. ஓபர்பில்க்கில் கூரைக்குக் கீழே உள்ள வீடு எங்களுடையது. ஓடு பகலெல்லாம் குடித்த சூட்டை இரவெல்லாம் எங்கள் மேல் கக்கும். பிள்ளைகளின் அம்மா துப்பரவு வேலை முடிந்து பத்து மணிக்கு வந்து, நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துச் சம்பலும் இடித்தா. ஊருக்குப் படம் அனுப்பவேண்டும் என்று நல்லதாக ஒரு நைலோன் சுரிதாரும் போட்டுக்கொண்டா. தொலைபேசியில் வந்த வெப்ப எச்சரிக்கையை, டொச் தெரியாதவர்கள் போல, தட்டிவிட்டோம்.

காலை நன்றாகவே போனது. பெரிய வட்டப் படகில் ஏற்றி, லிஃப்ரில் மேலே தூக்கி, வெள்ளத்தில் இறக்கிவிடுகிற 'றிவர் குவெஸ்ற்' ஒன்று இருக்கிறது. தலையில் இருந்து கால்வரை நனைந்தோம். சின்னவள் சிரித்த சிரிப்பில் அந்த இரண்டு நாள் சம்பளமும் மறந்துபோனது. பிறகு 'கொலறாடோ அட்வென்சர்'. 1996 இல் மைக்கல் ஜாக்சன் வந்து திறந்துவைத்த மலைவண்டி அது என்று மூத்தவன் எங்கள் எல்லோருக்கும் வகுப்பெடுத்தான். ஆட்டம் சில நிமிடங்கள்தான். அதற்காக வரிசையில் நிற்பது முக்கால் மணித்தியாலம்.

மத்தியானம் பையைத் திறந்தால் சம்பல் புளித்துவிட்டது. வெறும் இடியப்பத்தைப் பிள்ளைகள் தொடவில்லை. கொண்டுபோன இரண்டு போத்தல் தண்ணீரும் முடிந்திருந்தது. கடையில் விலையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு போத்தல் வாங்கினோம். அவசரத்தில் எடுத்தது காஸ் தண்ணீர்! சின்னவள் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள்.

அடுத்த வரிசையில் நிழலும் இல்லை, காற்றும் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் சனம். பின்னால் நின்ற ஒரு டொச்சுக்கார அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்து, "நீங்கள் வெப்ப நாட்டு ஆட்கள்தானே, உங்களுக்கு இது பழக்கமாக இருக்கும்" என்றா. நாங்களும் பெருமையாகத் தலையாட்டினோம். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளின் அம்மா, "இஞ்சருங்கோ, எனக்குக் கண் இருட்டுது" என்று சொல்லி, கம்பியைப் பிடித்தபடி அப்படியே சரிந்துவிட்டா.

அங்கே வேலை செய்த ஒரு பொடியன் ஓடிவந்தான். முதலுதவி ஆட்களும் வந்தார்கள். நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, கழுத்திலும் மணிக்கட்டிலும் ஈரத்துணி போட்டார்கள். எங்களுக்குப் பதற்றத்தில் இருந்த கொஞ்ச டொச்சும் வாயில் வரவில்லை. எட்டு வயது மூத்தவன்தான் மொழிபெயர்த்தான்.

"அம்மா, இண்டைக்கு எத்தினை கிளாஸ் தண்ணி குடிச்சனீங்கள் எண்டு கேக்கினம்."

"காலமை ஒரு தேத்தண்ணி."

அடுத்த கேள்வியைக் கேட்டதும் அவன் நிலத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "கடைசியாய் எப்ப ரொய்லெற்றுக்குப் போனனீங்கள் எண்டு..." என்றான். "வீட்டிலை" என்றா அம்மா. அவன் அதையும் டொச்சில் சொன்னான்.

கடைசி மிடறுவரை பிள்ளைகளுக்குக் கொடுத்தது ஒரு காரணம். மற்றது எங்கள் பெண்களுக்கு எல்லாம் தெரிந்ததுதான். வெளியே போனால் ரொய்லெற் தேடி அலையவேண்டி வரும் என்று குடிக்காமலே இருந்துவிடுவார்கள். ஊரில் பஸ் பயணத்தில் பழகியது. எத்தனை வருடம் ஒன்றாக இருந்தும் இதை நாங்கள் கவனித்ததில்லை. பிள்ளைகளுக்குத் தாகமா என்று பத்துத் தரம் கேட்டோம். அவவிடம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல் கொடுத்தார்கள். அரை மணித்தியாலத்தில் தெளிந்தா. இனி அன்றைக்கு வெயிலில் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மணிக்கே வெளியே வந்தோம். குதிரைகள் சுற்றுகிற இராட்டினத்தில் ஏறவில்லை என்று சின்னவள் கொலோன்வரை அழுதாள். அடுத்த நாள், ஜூலை 25, எங்களுக்குப் பக்கத்தில் உள்ள டூயிஸ்பூர்க்கிலும் தூனிஸ்ஃபோர்ஸ்ற்றிலும் 41.2 பாகை பதிவானது. ஜேர்மனியில் அதுவரை பதிவான ஆகக்கூடிய வெப்பம் அது. யாழ்ப்பாணத்துச் சித்திரைகூட இந்த 41 ஐத் தொடுவதில்லை. நாலு பக்கமும் கடல் அல்லவா!

ஆறுதலாக இருந்து யோசித்தபோதுதான் விளங்கியது. ஊரில் நாங்கள் வெயிலை வென்ற ஆட்கள் அல்ல, வெயிலுக்கு ஒளித்த ஆட்கள். தோட்டக்காரன் விடியப்புறம் இறைப்பைத் தொடங்கி வெயில் ஏறமுன் கரையேறிவிடுவான். மத்தியானம் வேப்பமரத்துக்குக் கீழே நாய்கூடப் படுத்துக்கிடக்கும். பழஞ்சோற்றுத் தண்ணீர், மோர், நுங்கு, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் என்று ஏதாவது ஒன்று கைக்கு வரும். திருவிழா என்றால் தண்ணீர்ப் பந்தல். இங்கே ஹம் காமாட்சி அம்மன் தேருக்குப் போனால்கூட யாராவது ஒருவர் கையில் ஒரு குவளையைத் திணித்துவிடுவார். பூங்காவில் யார் திணிப்பது?

உடம்பும் அப்படித்தான். வெப்பத்துக்குப் பழகுவதற்கு உடம்புக்கு ஒன்றிரண்டு கிழமை வேண்டும். அந்தப் பழக்கம் சில கிழமைகளிலேயே போய்விடும். வருடத்தில் எட்டு மாதம் ஜக்கெற்றோடு திரிகிற எங்களுக்கு யாழ்ப்பாணத்து உடம்பு எங்கே இருக்கப்போகிறது?

இன்னொன்றும் உண்டு. றைன் ஆற்றுப் பக்கத்தில் சில நாட்களில் மப்பும் புழுக்கமுமாக இருக்கும். டொச்சுக்காரர் அதை 'ஷ்வூல்' என்பார்கள். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஆகவே புழுக்கமான 30 பாகை, காய்ந்த 35 பாகையைவிடச் சிலவேளை மோசம். றேடியோவில் இந்தச் சொல்லைக் கேட்டால் கவனமாக இருங்கள்.

வேலைத்தளங்களுக்கு இதற்கெல்லாம் விதி இருக்கிறது. உள்ளே 26 பாகையைத் தாண்டினால் முதலாளி கவனிக்கத் தொடங்கவேண்டும், 30 ஐத் தாண்டினால் ஏதாவது செய்தே ஆகவேண்டும், குடிக்கவும் கொடுக்கவேண்டும். 35 ஐத் தாண்டினால் விசேட ஏற்பாடில்லாமல் அங்கே வேலை செய்விக்கக்கூடாது. விடுமுறை நாளில் எங்களுக்கு நாங்கள்தான் முதலாளி. அந்த முதலாளி சரியான கல்நெஞ்சன்.

2024 ஓகஸ்ட் தொடக்கத்தில் திரும்பப் போனோம். அவ முதலில் வரமாட்டன் என்றா. பிள்ளைகள் விடவில்லை. அன்றைக்கு 29 பாகைதான், ஆனால் சரியான புழுக்கம். இரவு சன்னல்களைத் திறந்து, விடிந்ததும் றொலாடனை இறக்கிவிட்டு வெளிக்கிட்டோம். எல்லோருக்கும் பருத்தி உடுப்பு, தொப்பி. ஆளுக்கொரு போத்தல் முதல்நாளே ஃபிறீசரில் வைத்தது. வாங்குவதென்றால் போத்தலில் 'ஸ்ரில்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் காஸ் இல்லாதது. இங்கே குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். 'கைன் ற்றிங்க்வாஸர்' என்று எழுதியிருக்கும் குழாயில் மட்டும் பிடிக்கவேண்டாம். சம்பல் கொண்டுபோகவில்லை. பாணும் வெள்ளரிக்காயும் உப்புப் பிஸ்கற்றும் தேசிக்காய்த் தண்ணீரும் கொண்டுபோனோம்.

வெளியில் உள்ள பெரிய ஆட்டங்களைக் காலையிலேயே முடித்தோம். பன்னிரண்டில் இருந்து மூன்றுவரை உள்ளே. 'மவுஸ் ஓ ஷொக்கொலா' என்று ஒன்று, இருட்டுக்குள் வண்டியில் இருந்துகொண்டு கேக்குக்கு கிறீம் பிழிகிற பையால் எலிகளைச் சுடவேண்டும். நல்ல குளிர். இரண்டு முறை போனோம். உள்ளே நுழைந்ததும் ரொய்லெற் எங்கெங்கே என்று வரைபடத்தில் சின்னவள் வட்டம் போட்டு அம்மாவின் கையில் கொடுத்தாள். அதைப் போல ஒரு நல்ல உபாயம் எங்களுக்கு இத்தனை வயதில் தோன்றவில்லை.

தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், ஈரலிப்பான குளிர்ந்த தோல் என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, உப்போடு குடிக்கக் கொடுங்கள். ஆள் மாறாட்டமாகக் கதைத்தாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ, கூப்பிட்டும் விளங்காவிட்டாலோ, 112 க்கு அடியுங்கள். அப்போது வாயில் ஒன்றும் ஊற்றவேண்டாம். டொச் தெரியாது என்று தயங்கவும் வேண்டாம். இடத்தின் பெயரைச் சொன்னாலே போதும்.

காசு இடிக்கிறது என்றால் ஜூலையில் ஓபர்காசல் ஆற்றங்கரையில் நடக்கும் றைன் கிர்மெஸ் இருக்கிறது. உள்ளே போகக் காசில்லை, ஏறுகிற ஆட்டத்துக்கு மட்டும்தான். பின்னேரம் வெயில் சாய்ந்தபின் போகலாம். ஆற்றுக் காற்றும் வரும்.

அந்த 2024 இல் நாலு மணிக்கே வெளியே வந்துவிட்டோம். மூன்று ஆட்டம் மிச்சம். கணக்குப் போடுகிற கை ஒன்றும் பேசவில்லை. றெயினில் அவ தன் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினா. ஒரு சொட்டும் இல்லை. சின்னவள் கடையில் வாங்கின வெறும் போத்தல்களை எண்ணி, "ஆறு ஃபாண்ட், ஒரு யூரோ ஐம்பது, எனக்கு" என்றாள். இராட்டினத்தில் அன்றைக்கு அவள் ஏறவில்லை. பத்து வயதாகிவிட்டதாம், அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்காம்.