பூசணம் பூத்த சீஸும் ஒரு தூக்குவாளியும்



மூன்று மாதமாக பிரான்ஸில், துலூஸ் நகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். "டீச்சர், ஐஃபில் டவர் பார்த்தாச்சா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அது இருக்கும் பாரிஸ் இங்கிருந்து வெகுதூரம். நான் பார்த்த வேறொன்றை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த முதல் வாரம் ஃபிரிட்ஜைத் திறந்தேன். வெள்ளித்தாளில் சுற்றிய சீஸ் கட்டி ஒன்று இருந்தது. பிரித்தால் உள்ளே நீலமும் பச்சையுமாகப் பூசணம். வாடை மூக்கைத் துளைத்தது. வேலைக்குப் போகிற பிள்ளை, கவனிக்கவில்லை போல என்று குப்பையில் போட்டுவிட்டேன். சாயங்காலம் எட்டு வயதுப் பேரன் வந்து தேடினான். "கெட்டுப்போச்சுய்யா, ஆச்சி தூக்கிப் போட்டுட்டேன். சீ, என்ன நாத்தம்!" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் அறைக்குப் போய்விட்டான். "அம்மா, அது கெட்டுப்போனது இல்ல. அது ரோக்ஃபோர். அவனுக்கு உசுரு" என்றாள் மகள்.

மறுபடி வாங்கி வந்தார்கள். ஆனால் நான் இருக்கும்போது பேரன் அதை மேசையில் வைத்துச் சாப்பிடுவதில்லை. அடுக்களை மூலையில், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தின்பான். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மருமகன்தான், "வாங்க அத்தை, அது எப்படி ஆகுதுன்னே பார்த்துட்டு வந்துருவோம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம். ஊர்ப் பெயர் ரோக்ஃபோர் சூர் சுல்சோன். கொம்பலூ என்ற சுண்ணாம்புக்கல் மலையை ஒட்டிய சின்னக் கிராமம். மலைக்குள் குகைகள். பாறை வெடிப்புகள் வழியாக ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கிறது. நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

லக்கோன் என்ற இனத்துச் செம்மறியாட்டின் காய்ச்சாத பாலில்தான் இதைச் செய்ய வேண்டும். அதில் பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்ற பூஞ்சையைச் சேர்க்கிறார்கள். அந்தக் காலத்தில் ரை தானியத்து ரொட்டியைக் குகையில் வைத்துப் பூசணம் பிடிக்கவிட்டு, அதைப் பொடித்துத் தூவுவார்களாம். பூஞ்சை வளரக் காற்று வேண்டும் என்பதால் கட்டி முழுக்க ஊசியால் துளை போடுகிறார்கள். நீல நரம்புகள் அந்தத் துளை வழியே ஓடுபவைதான். பாலின் கொழுப்பைப் பூஞ்சை சிதைக்கும்போதுதான் அந்தக் காரமான வாடை வருகிறது. குறைந்தது 90 நாள் பக்குவம் செய்ய வேண்டும். 1411-இலேயே ஆறாம் சார்லஸ் மன்னர் இந்த உரிமையை அந்த ஊர்க்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறார். நானோ ஒரு நிமிஷத்தில் குப்பையில் போட்டேன்!

1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ட பூஞ்சையும் பெனிசிலியம் வகைதான் என்று உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? ஆனால் வீட்டில் பூசணம் பிடித்த ரொட்டியைத் தின்றுவிடாதீர்கள். இது தேர்ந்தெடுத்த பூஞ்சை, கவனித்து வளர்த்தது. காய்ச்சாத பால் என்பதால் கர்ப்பிணிகளுக்கு இதுவும் ஆகாது.

வீடு திரும்பியதும் பேரனிடம், "ஆச்சிக்கும் சொல்லிக் கொடுய்யா" என்றேன். அவன் எனக்கு வாத்தியார் ஆனான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வைக்கணுமாம். முதல் தடவை மிளகு அளவு போதும், பேரிக்காயோடு சேர்த்து, நாக்கில் கரைய விடணும். முதலில் உப்பு, அப்புறம் வெண்ணெய், கடைசியில் சுருக்கென்று ஒரு காரம். பிடிக்கவில்லை. நாலாம் நாள் வால்நட்டோடு தின்றேன், பரவாயில்லை. பிறகு ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியை ஒரு சில்லு உடைத்து அதன்மேல் வைத்தேன். அடடா! பேரனுக்கும் கொடுத்தேன். இப்போது இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.

இதை எழுத இன்னொரு காரணம் உண்டு. முப்பது வருஷம் முன்பு, ஐந்தாம் வகுப்பு. அன்று ஏ.இ.ஓ. ஆய்வுக்கு வருகிறார். ஒரு பையன் தூக்குவாளியைத் திறந்தான். பழைய சோறும் சுட்ட கருவாடும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதையெல்லாமா ஸ்கூலுக்குக் கொண்டு வருவ? வேப்பமரத்தடியில போய்ச் சாப்பிடு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றான். எங்கள் வீட்டிலும் கருவாட்டுக் குழம்பு வைப்போம், எனக்குப் பிடித்த குழம்பு அது. அந்த வருஷம் முழுக்க அவன் தூக்குவாளி கொண்டு வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்ததாகச் சொல்வான். அவன் வீடு இரண்டு மைல். தெரிந்தும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தம்பி, நீ இந்தப் பதிவைப் படிப்பாயா என்று தெரியவில்லை. பெயரைச் சொல்லி இன்னொரு தடவை உன்னை நாலு பேர் முன்னால் நிறுத்த மாட்டேன். டீச்சர் செய்தது தப்பு. ஊருக்கு வந்ததும் ஒரு நாள் வீட்டுக்கு வா. பழைய சோறும் கருவாடும் நானே எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்